மட்டக்களப்பின் புளியந்தீவையும் வாவிக்கரையையும் ஒரே நாளில் பார்ப்பதற்கு எவ்வாறு திட்டமிடலாம்?

கேள்வி (காரைதீவிலிருந்து)

பள்ளி விடுமுறையில் எழுபது வயதைத் தாண்டிய என் தாயாரையும் பத்து வயது மகளையும் மட்டக்களப்புக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். காலையில் பஸ்ஸில் புறப்பட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். இத்தனை ஆண்டுகளாக ஆஸ்பத்திரிக்கும் அலுவலகங்களுக்கும் அவசரமாகச் சென்று வந்திருக்கிறோமே தவிர, கோட்டைக்குள் ஒருமுறையேனும் நாங்கள் கால் வைத்ததில்லை. அம்மாவால் அதிக தூரம் நடக்க இயலாது. மகளோ வாவியில் ஓசை எழுப்புவதாகச் சொல்லப்படும் பாடும் மீனைக் கேட்டே ஆகவேண்டும் என்கிறாள். எதனை முதலில் பார்ப்பது, எதனை விட்டுவிடுவது?

பதில் (புளியந்தீவிலிருந்து)

வரும் வழியில் கல்லடியில் இறங்கிவிடாதீர்கள். வெயில் ஏறுவதற்கு முன்னர் நேரே புளியந்தீவிலுள்ள கோட்டைக்கு வாருங்கள். 1628 இல் போர்த்துக்கேயர் கட்டிய இக்கோட்டையை, கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனுடன் சேர்ந்துகொண்ட ஒல்லாந்தர் 1638 மே மாதத்தில் கைப்பற்றினார்கள். இலங்கையில் போர்த்துக்கேயரிடமிருந்து அவர்கள் பறித்த முதற்கோட்டை இதுவே. இரு பக்கம் வாவியும் மற்ற இரு பக்கம் அகழியும் காவலாக இருந்ததை மகளுக்கு மதிலின் அருகில் நின்றே விளக்கலாம். ஏன் இந்தச் சிறு தீவைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று அவளே சொல்லிவிடுவாள். கச்சேரி (மாவட்ட அரச செயலகம்) நெடுங்காலம் இயங்கிய இடம் என்பதால், அம்மாவுக்கும் அந்த வாசல் ஏதேனும் ஒரு கடிதத்தையோ விண்ணப்பத்தையோ நினைவூட்டக்கூடும்.

அடுத்து காந்தி பூங்காவுக்குச் செல்லுங்கள். அங்கே வாவிக்கரையில் அம்மா நிழலில் இளைப்பாறலாம். அருகிலுள்ள மட்டக்களப்பு வாயிலும், 1814 இல் இங்கு வந்திறங்கி அடுத்த ஆண்டே இவ்வூரில் மறைந்த மெதடிஸ்த குரு வில்லியம் ஓல்ட்டின் சிலையும் சில எட்டுக்களில் உள்ளன. அவர் தொடக்கிவைத்த பள்ளிக்கூடமே இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. முகத்துவாரத்து வெளிச்சவீட்டை இம்முறை விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

பதில் (கல்லடியிலிருந்து)

முன்னவர் சொன்ன ஒழுங்கு சரியானது. ஆனால் வெளிச்சவீட்டை விடச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். 1913 இல் கட்டப்பட்ட அந்த வெள்ளைக் கோபுரத்துக்குப் பார் வீதி வழியாக ஓட்டோவில் சென்றால் அம்மாவுக்கு நடையே இல்லை. வாவி கடலைச் சேரும் இடத்தைப் பார்க்காமல் வாவியைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது.

பாடும் மீனைப் பற்றி மகளிடம் இப்போதே உண்மையைச் சொல்லிவிடுங்கள். ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில், பூரணை நிலவை ஒட்டிய அமைதியான இரவுகளில், தோணியிலிருந்து துடுப்பின் ஒரு முனையை நீரில் இட்டு மறுமுனையில் காதை வைத்தே எம்மவர்கள் அந்த ஓசையைக் கேட்டார்கள். பகலில், வாகன இரைச்சலுக்கு நடுவே, அது கேட்காது. ஆயினும் மாலையில் 1924 இல் திறக்கப்பட்ட பழைய கல்லடிப் பாலத்தைக் காட்டி, அந்த ஓசைக்குப் பெயர்பெற்ற இடம் இதுதான் என்று சொல்லுங்கள். திரும்பும் பஸ்ஸும் அவ்வழியாகவே போகும். உங்கள் ஊரில் 1892 இல் பிறந்த தமிழறிஞர் சுவாமி விபுலாநந்தரின் சமாதி கல்லடி உப்போடையில்தான் இருக்கிறது. காரைதீவார் அங்கே வணங்காமல் திரும்புவது முறையன்று.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. காலையில் கோட்டையும் பூங்காவும், பிற்பகலில் ஓட்டோவில் வெளிச்சவீடு, மாலையில் கல்லடி என்று முடிவு செய்திருக்கிறோம். சமாதி என்றதும் அம்மா பூக்களைத் தானே கொய்து எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டார். மகளுக்கு ஒரு பூரணை இரவை வாக்களித்திருக்கிறேன். அதற்குத் தோணிக்காரர் எவரையேனும் அறிந்தவர்கள் பின்னர் வழிகாட்ட வேண்டும்.