தீபாவளி இனாம்: யாருக்கு, எவ்வளவு, எப்போது?

புதுக்குடித்தனம்:

வணக்கம். கல்யாணமாகி மடிப்பாக்கத்தில் ஒரு ஃப்ளாட்டுக்கு வாடகைக்கு வந்திருக்கிறோம். சென்னையில் இது எங்களுக்கு முதல் தீபாவளி. பாளையங்கோட்டையில் இருந்தவரை, வாசலுக்கு வருகிறவர்களுக்கு என்ன கொடுப்பது என்பதெல்லாம் அம்மாவின் இலாகா. இப்போது அம்மாவைக் கேட்டால், "உன் வசதிக்கு ஏத்த மாதிரி குடு, முகம் சுளிக்காம குடு" என்கிறாள். அதில் தொகை வரவில்லையே!

எங்கள் வீட்டுக்கு வேலை செய்கிறவர்கள் இவர்கள்: பாத்திரம் தேய்த்து, வீடு பெருக்கித் துடைக்கும் அக்கா (மாதம் 3,500 ரூபாய், ஆடியில்தான் சேர்ந்தார்), பால் பாக்கெட் போடும் தம்பி, பேப்பர் போடுகிறவர், தெருமுனை இஸ்திரி வண்டி அண்ணன், குப்பை வண்டி ஓட்டி வரும் அம்மா, சிலிண்டர் கொண்டுவருகிறவர், தபால்காரர், இரண்டு வாட்ச்மேன்கள். வாட்ச்மேன்களுக்கென்று அசோசியேஷனில் வீட்டுக்கு 500 ரூபாய் வசூலிக்கிறார்கள்.

இவர் சொல்வது: "எல்லாருக்கும் அரைக் கிலோ ஸ்வீட் பாக்ஸ், முடிந்தது கதை." எனக்கு அது சரியாகப் படவில்லை. அக்கா சேர்ந்து நாலு மாதம் கூட ஆகவில்லை. அவருக்கு முழு மாதச் சம்பளம் தர வேண்டுமா?

இன்னொன்று. நேற்று மூன்று பேர் நீள நோட்டோடு வந்து, "கார்ப்பரேஷன் ஆளுங்க, தீபாவளி இனாம்" என்றார்கள். முதல் வரியிலேயே யாரோ 1,000 ரூபாய் கொடுத்ததாக எழுதியிருந்தது. மூவரையும் நான் பார்த்ததே இல்லை. அப்புறம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். அவர்களுக்கும் கொடுக்க வேண்டுமா?

வேளச்சேரி மாமி:

நோட்டுக்காரர்களில் ஆரம்பிக்கிறேன். அந்த 1,000 ரூபாய் புண்ணியவான் எல்லாத் தெருவிலும் முதல் வரியில் இருப்பார்! தெரியாத முகத்துக்குக் கொடுக்காதே. "எங்க தெருவுக்கு வர்ற அம்மாவுக்கு நானே கையில கொடுத்துடுவேன்" என்று சொன்னால் போதும், அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். சண்டை வேண்டாம், கதவைத் திறந்து உட்கார வைக்கவும் வேண்டாம்.

வீட்டு வேலை அக்கா கணக்கு வேறு. அவருக்குக் கொடுப்பது இனாம் இல்லை, போனஸ். ஒரு மாதச் சம்பளம் என்றால் வருஷச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது 8.33 சதவீதம். 1965 போனஸ் சட்டம் வைத்த குறைந்தபட்சமும் அதேதான். 2025 நவம்பர் வரை இருந்த அந்தச் சட்டம் வீட்டு வேலை செய்கிறவர்களுக்குப் பொருந்தவில்லை, தொழிற்சாலைகளுக்கும் 20 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் மற்ற நிறுவனங்களுக்கும் எழுதியது. ஆனாலும் கம்பெனி போனஸை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வரும் நாம், வீட்டில் மட்டும் கணக்கை மறந்துவிட முடியாதல்லவா? நாலு மாதத்துக்கு வகுத்துப் பார்த்தால் 1,100 சொச்சம் வரும். அப்படி வகுக்காதே, அசிங்கமாக இருக்கும். 2,000 கொடு. அடுத்த வருஷம் முழுச் சம்பளம்.

மற்றவர்களுக்கு என் வீட்டு வழக்கம்: பால், பேப்பர், இஸ்திரி ஆளுக்கு 200. குப்பை வண்டி அம்மாவுக்கு 500. அவருக்கு மட்டும் ஏன் கூட என்றால், தீபாவளிக்கு மறுநாள் காலை நம் தெருவைப் பார், தெரியும். பட்டாசுக் குப்பையைத் தனிச் சாக்கில் கட்டிக் கொடு. அதை மற்ற குப்பையோடு கலக்காமல் கும்மிடிப்பூண்டிக்கு அனுப்புகிறார்கள். ஈரக் குப்பையோடு சேர்த்துக் கொட்டினால், பிரித்து எடுப்பது அவர் கைதான்.

சிலிண்டருக்கு பில் தொகையிலேயே கொண்டுவந்து தரும் கூலி அடக்கம். அதற்கு மேல் ஒவ்வொரு தடவையும் கேட்டு வாங்கினால் அது தப்பு. லிஃப்ட் இல்லாத வீட்டில் மூன்றாம் மாடிக்குத் தோளில் தூக்கி வருகிறவருக்கு நாமாகக் கொடுப்பது வேறு. காலியே பதினைந்து கிலோவுக்குக் கிட்ட இருக்கும், உள்ளே கேஸ் 14.2 கிலோ. தீபாவளிக்கு முன்னால் எந்த ஆள் வந்தாலும் 100 கொடுத்துவிடு.

அம்மாபொண்ணு:

நான் வாங்குகிற பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் அம்மா நங்கநல்லூரில் ஆறு வீடுகளில் வேலை பார்த்துத்தான் என்னை பி.காம் படிக்க வைத்தார்.

ஸ்வீட் பாக்ஸ் பற்றி உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்: ஆறு வீட்டு மைசூர்பாகு ஒரே ராத்திரியில் எங்கள் வீட்டில் வந்து இறங்கும். நாலாம் நாள் அதைப் பார்த்தாலே குமட்டும். பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம் என்றால் அவர்களும் வேலைக்குப் போகிறவர்கள், அங்கேயும் ஆறு டப்பா இருக்கும். கொஞ்சம் கொடுங்கள், சந்தோஷத்துக்கு. பணத்துக்குப் பதிலாகக் கொடுக்காதீர்கள்.

புடவை எடுத்துக் கொடுப்பதாக இருந்தால் ஜாக்கெட் துணியும் தையல் கூலியும் சேர்த்துக் கொடுங்கள். தீபாவளி நேரத்தில் டெய்லர் கேட்கும் கூலியில் பாதிப் புடவை வாங்கிவிடலாம். என் அம்மாவுக்கு ஒரு வீட்டில் வருஷா வருஷம் பாலியெஸ்டர் புடவை தருவார்கள். பெட்டியில் மடிப்புக் கலையாமல் கிடக்கும். இன்னொரு வீட்டில் ஒரு டீச்சர், "நீயே எடுத்துக்கோ" என்று கோ-ஆப்டெக்ஸுக்குக் கூட்டிப்போனார். அந்தப் புடவையைத்தான் அம்மா என் கல்லூரி பட்டமளிப்புக்குக் கட்டிக்கொண்டு வந்தார்.

எல்லாவற்றையும் விட முக்கியம், எப்போது கொடுக்கிறீர்கள் என்பது. தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் கவரை நீட்டுவார்கள். அந்த நேரத்துக்கு மேல் பிள்ளைகளுக்குத் துணி எடுக்க தி.நகர் ஓட முடியுமா? கந்துவட்டிக்காரனிடம் வாங்கித் துணி எடுத்து முடித்திருப்பார்கள், உங்கள் கவர் அவனுக்குப் போகும். பத்து நாள் முன்னால் கொடுத்தால் அதே 2,000 ரூபாய்க்கு இன்னும் மதிப்பு. "வாங்கிட்டு நின்னுடுவாளோ" என்று பயந்து கடைசி நாள்வரை கையில் வைத்திருப்பவர்கள் உண்டு. அந்தப் பயம் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியாமல் போகாது.

முன்பணம் வாங்கியிருந்தால் அதை இதில் கழிக்காதீர்கள். அப்புறம், வாசலில் நிற்க வைத்துக் கொடுக்காமல் உள்ளே கூப்பிட்டுக் கொடுங்கள்.

தபால்பெட்டி:

அஞ்சல் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். தபால்காரரைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் இது.

அவர் மத்திய அரசு ஊழியர். 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் அவருக்கும் உண்டு. அதில் 13-ஆவது விதி பரிசுப் பொருள் பற்றியது. பண்டிகைக்காக வாங்கலாம் என்றாலும், நெருங்கிய சொந்தக்காரர்கள், அலுவல் தொடர்பு இல்லாத நண்பர்கள் என்று வட்டம் போட்டிருக்கிறார்கள். கடிதம் வாங்குகிற நீங்கள் அந்த வட்டத்துக்குள் வர மாட்டீர்கள். ஆனால் அதே விதி, சாதாரணமாக ஒரு வேளை சாப்பாடு போடுவதும், வண்டியில் ஏற்றிக்கொள்வதும் பரிசு ஆகாது என்றும் சொல்கிறது. எனவே உட்கார வைத்து காபி, இரண்டு முறுக்கு, ஒரு அதிரசம். வெயிலில் சைக்கிள் மிதித்த நாட்களில் எனக்கு அதுதான் பிடிக்கும். பணம் கொடுத்து வாங்கியவர்களும் இருந்தார்கள், மறுக்கவில்லை. நீங்களாக அவரை அந்தச் சங்கடத்தில் நிறுத்த வேண்டாம் என்கிறேன்.

நல்ல வேலை செய்கிறார் என்று தோன்றினால் போஸ்ட்மாஸ்டர் பெயருக்கு ஒரு கார்டு எழுதிப் போடுங்கள். புகார்க் கடிதம்தான் கட்டுக்கட்டாக வரும். பாராட்டி ஒன்று வந்தால் ஆபீஸ் முழுக்கக் கைமாறும்.

புதுக்குடித்தனம்:

எல்லோருக்கும் நன்றி. இவரிடம் மூன்று பதில்களையும் படித்துக் காட்டினேன். மைசூர்பாகு விஷயத்தில் வாயடைத்துப்போனார்!

அக்காவுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமையே 2,000 கொடுத்துவிடுகிறேன். தீபாவளிக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. சம்பளம் வழக்கம்போல ஒன்றாம் தேதி. குப்பை வண்டி அம்மாவுக்கும் அன்றே. மற்றவர்களுக்கு மொய்க் கவரில் 200. தபால்காரருக்கு முறுக்கு சுட வேண்டும், அதற்குத்தான் அம்மாவைத் திரும்பக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

வாட்ச்மேன் சந்தேகம் மட்டும் பாக்கி. அசோசியேஷன் பணத்தை இருவருக்கும் சமமாகப் பிரிப்பார்களாம். ஆனால் ராத்திரி ஷிப்ட் தாத்தாதான் நாங்கள் தாமதமாக வரும்போதெல்லாம் எழுந்து கேட்டைத் திறக்கிறார். தனியாக அவருக்குக் கொடுத்தால் பகல் ஆள் வருத்தப்படுவாரா?

வேளச்சேரி மாமி:

பணமாகக் கொடுத்தால் வருத்தப்படுவார். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டாச்சு. ராத்திரி ஆளுக்கு ஒரு நல்ல போர்வையும் ஃப்ளாஸ்க்கும் வாங்கிக் கொடு. பகல் ஆள் கேட்டால் "ராத்திரி குளிருதாம்" என்று சொல்லிக்கொள்ளலாம். போர்வை சோலாப்பூரா இருக்கட்டும், அதுதான் துவைக்கத் துவைக்க உழைக்கும்.