குளோரீன் உருளைக்கு மேல தண்ணி அடிக்கலாமோ?

முரசுமோட்டையான்:
"குளோரீன் கசிஞ்சா உருளைக்கு மேல தண்ணி அடியுங்கோ, கரைஞ்சு போகும்" எண்டு ஒராள் நேற்று எழுத, கனபேர் பகிர்ந்திருக்கினம். வாசிக்கவே பத்துது. ஈரம் பட்டா குளோரீன் ஐதரோகுளோரிக் அமிலமாகி இரும்பை அரிக்கும். ஊசித்துவாரம் விரல் போற ஓட்டையாகும்.

ஆனையிறவுக்காற்று:
எழுதினது நான்தான். 1984 டிசம்பர் 2 இரவு போபால் விசவாயுக் கசிவிலயும் தண்ணிதான் அடிச்சவை. அவை விசரரோ?

முரசுமோட்டையான்:
காஸ் வந்த குழாய்வாய் 30 மீற்றருக்கு மேல. அடிச்ச தண்ணி அங்க எட்டேல்லை. கசிஞ்சதும் குளோரீன் இல்லை, மெதைல் ஐசோசயனேற்று. ஈ610 தாங்கியில 40 தொன் அளவில இருந்தது. அதுக்குள்ள தண்ணி போய்த்தான் கொதிச்சுக் கிளம்பினது. தாங்கியின்ர குளிரூட்டியை ஜூனிலயே நிப்பாட்டிப்போட்டாங்கள், கசியிற காஸை எரிக்கிற கோபுரத்துக் குழாயும் கழட்டிக் கிடந்தது. தண்ணியால வந்த அழிவைத் தண்ணிக்குச் சாட்சியாக் கொண்டு வாறீர்!

வாய்க்கால்கரை:
குழாய் கழுவேக்க அடைப்புத்தகடு போடாததாலதான் தண்ணி போனது.

ஆனையிறவுக்காற்று:
ஒரு தொழிலாளி தண்ணியை வேணுமெண்டு விட்டவர் எண்டு ஆலைக்காரக் கொம்பனி யூனியன் கார்பைட் சொன்னது. அதையும் எழுதும்.

வாய்க்கால்கரை:
கொம்பனி தன்னைக் காப்பாத்தச் சொன்ன கதை அது. குளிரூட்டியை நிப்பாட்டினதும் தொழிலாளியோ?

ஆனையிறவுக்காற்று:
சரி, விடும். அமோனியா கசிஞ்சா காஸ் போற வழியில தண்ணியைத் திரைமாதிரி அடிப்பினம், தண்ணித்திரை எண்டு. அதைத்தான் சொன்னனான்.

முரசுமோட்டையான்:
நீர் எழுதினது குளோரீன், "உருளைக்கு மேல". 20 பாகையில ஒரு லீற்றர் தண்ணி அரைக் கிலோ அமோனியாவைக் கரைக்கும், குளோரீனை 7 கிராம்தான். இன்னொண்டு: திரவம் ஆவியாகேக்க உருளை தானாக் குளிரும், திரவமட்டம் வரைக்கும் வெள்ளையா உறைபனி பிடிக்கும். அந்தக் குளிர்தான் கசிவை மட்டுப்படுத்துது. நீர் தண்ணி ஊத்திச் சூடாக்கப் போறீர்!
செய்யவேண்டியது இதுதான். முகமூடியும் காற்று உருளையும் போட்ட ரெண்டு பேர் காற்று வாற பக்கத்தால போகவேணும். அமோனியாக் கரைசல் போத்தலின்ர ஆவியைக் காட்டினா ஓட்டையடியில வெண்புகை வரும். கரைசல் பித்தளை வால்வில படக்கூடாது. 900 கிலோ உருளையெண்டா ஓட்டை மேல வாறமாதிரி உருட்டவேணும். ஓட்டை மேல இருந்தா காஸ் வரும், கீழ இருந்தா திரவம் வரும். ஒரு லீற்றர் திரவம் 450 லீற்றருக்கு மேல காஸ். சனம் காற்றுக்குக் குறுக்கால மேட்டுக்குப் போகவேணும். குளோரீன் காற்றைவிட இரண்டரை மடங்கு பாரம், வாய்க்காலுக்க இறங்கினவன் முடிஞ்சான்.

வாய்க்கால்கரை:
கசியிற குளோரீனை உறிஞ்ச எரிசோடாத் தொட்டியும் வேணும். 1 கிலோ குளோரீனுக்கு 1.13 கிலோ. பரந்தன் இரசாயன பக்டரியில ஆனையிறவு உப்பிலயிருந்து எரிசோடா, குளோரீன் ரெண்டும் ஒரே இடத்தில எடுத்தவை.

ஆனையிறவுக்காற்று:
உமக்கு எதுக்கெடுத்தாலும் பரந்தன். முந்தி இரணைமடுக் குளத்துத் தண்ணியைப் பற்றின வாதத்திலயும் இப்பிடித்தான் ரெண்டு பேரும் சேர்ந்து ஏறினீங்கள்.

வாய்க்கால்கரை:
இரணைமடுவை ஏன் இழுக்கிறீர்? அதிலயும் நீர் சொன்ன கணக்குப் பிழை.

ஆனையிறவுக்காற்று:
கணக்கு சரி. தண்ணித்திரை பிழையெண்டு ஒருத்தரும் இன்னும் காட்டேல்லை.

முரசுமோட்டையான்:
திரை தள்ளிப் போடுறது, காற்றுப் போற பக்கத்தில. "உருளைக்கு மேல" எண்டதை முதல்ல அழியும்.

ஆனையிறவுக்காற்று:
அழிக்கமாட்டன்.