குந்திய கோழி எழுந்திருக்கவில்லை: வேலூர்ப் பக்கத்து அடைக்கோழி அனுபவங்கள்

காட்பாடியிலிருந்து:

கோழி வளர்க்கத் தொடங்கி எனக்கு இரண்டு ஆண்டுகள்தாம் ஆகின்றன. பொய்கைச் செவ்வாய்ச் சந்தையில் வாங்கிய சிறுவிடை என்ற நாட்டுக்கோழி இனத்தில் ஐந்து பெட்டைகள். சேவல் கிடையாது. விடிவதற்கு முன்பே கூவினால் பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருவார்கள் என்ற பயம்தான்.

கடந்த பங்குனியில் ஒருநாள் செவலை மட்டும் மாலைத் தீனிக்கு வரவில்லை. தேடிப் பார்த்தால், மாடிப்படிக்கு அடியில் கிடந்த உடைந்த ஏர்கூலர் பெட்டிக்குள் உப்பிக்கொண்டு குந்தியிருந்தது. மறுநாளும் அங்கேயேதான். கொண்டை வெளுத்திருந்தது. நாளுக்கு ஒரே ஒருமுறை எழுந்து வரும். கோழி போட்டதுதானா என்று சந்தேகப்படும் அளவுக்குப் பெரிய எச்சமாகப் போட்டுவிட்டு, அந்த நாற்றம் அடங்குவதற்குள் பெட்டிக்குத் திரும்பி ஓடிவிடும். வெள்ளைக்கழிச்சல் என்ற கொள்ளைநோயோ என்று எனக்குக் கை கால் ஓடவில்லை. அட்டைப்பெட்டியில் வைத்து ஆட்டோ பிடித்துக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனேன். மருத்துவர் பெட்டியைத் திறந்ததுமே அவர் விரலில் ஒரு கொத்து விழுந்தது. "நோய் வந்த கோழிக்கு இவ்வளவு கோபம் வராதம்மா" என்று சிரித்தார். அதன் நெஞ்சுக்கு அடியில் கையை விட்டுப் பார்க்கச் சொன்னார். இறகு உதிர்ந்த வெறும் தோல், காய்ச்சல்காரரின் நெற்றியைப் போலச் சுட்டது.

அன்று தெரிந்துகொண்டது இது: நோய் கண்ட கோழி இறக்கையைத் தொங்கவிட்டுக் கண்மூடி நிற்கும், யார் தூக்கினாலும் பேசாமல் கிடக்கும். அடைக்கு வந்த கோழி, அதாவது முட்டைமேல் குந்திக் குஞ்சு பொரிக்க முனைந்த கோழி, தட்டையாகப் பரவி, கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு உறுமும். இரவில் மற்றவை ஏறி அடையும் இடத்துக்கு இது வராது.

எதன்மேல் குந்தியிருந்தது என்று கேட்கிறீர்களா? முட்டைகளை நாங்கள் அன்றன்றே எடுத்துவிடுவோம். அடியில் இருந்தது என் மகனின் டென்னிஸ் பந்து.

அதற்குப் பிறகு நான் செய்தது அசட்டுத்தனம். பாவமாக இருக்கிறதே என்று மளிகைக் கடையில் ஆறு முட்டை வாங்கி வைத்துவிட்டேன். சேவலையே பார்க்காத பண்ணைக் கோழியின் முட்டையில் குஞ்சு எங்கிருந்து வரும்? 21 நாள் கணக்கு தாண்டியும் விடாமல் காத்திருந்தேன். 23ஆம் நாள் ஒரு முட்டை வெடித்தது. அந்த வாடை மாடிப்படியை விட்டுப் போக ஒரு வாரம் ஆயிற்று. செவலை பாதியாக இளைத்துப்போனது.

இப்போது ஆவணி. நேற்று மாலை முதல் அதே பெட்டியில் மறுபடியும் குந்தியிருக்கிறது. உங்கள் வீடுகளில் நடந்ததைச் சொல்லுங்கள்.

அணைக்கட்டிலிருந்து:

அம்மா, கடை முட்டைக் கதையைப் படித்து எங்கள் வீட்டில் எல்லோரும் சிரித்துவிட்டோம், மன்னியுங்கள். ஊருக்குள் சேவலோடு கோழி வளர்க்கும் வீட்டில் கேட்டால் முட்டை தருவார்கள். இட்டு ஏழு நாளுக்குள் இருக்கும் முட்டையாகப் பார்த்து வாங்குங்கள். குளிர்பெட்டியில் வைத்தது வேண்டாம். கழுவவும் வேண்டாம்.

எங்கள் ஆயா அவயம் (அடை) வைப்பதைப் பார்க்க வேண்டும். அகலக் கூடையில் பாலாற்று மணலைப் பாதிவரை கொட்டி, நடுவில் கையால் குழித்து, மேலே வைக்கோல் பரப்புவார். கோழியின் உடம்பைப் பார்த்துப் பத்து அல்லது பன்னிரண்டு முட்டை. அதற்கு மேல் வைத்தால் ஓரத்து முட்டைக்குச் சூடு எட்டாது. இருட்டிய பிறகுதான் கோழியைத் தூக்கி வைப்பார். மணலுக்குள் ஒரு கரித்துண்டு, ஒரு இரும்பு ஆணி, இரண்டு காய்ந்த மிளகாய். இடி இடித்தால் கரு கலங்காமல் இருக்கவாம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் இன்றுவரை வைக்கிறேன். வைக்காமல் விட்ட வருடம் ஒரு முட்டை கூமுட்டையானாலும் ஆயா அதைத்தான் சொல்லிக் காட்டுவார்.

நான் கெட்டது வேறு விதத்தில். முட்டைகளில் அடையாளம் போடவில்லை. அடைக்கோழி தீனிக்கு எழுந்து போகும் அந்தக் கால்மணி நேரத்தில், மற்றப் பெட்டைகள் அதே கூடையில் வந்து முட்டையிட்டுவிட்டுப் போயிருக்கின்றன. பத்து வைத்தது பதினைந்தாக இருந்தது. எது பழையது, எது புதியது என்று யாருக்குத் தெரியும்? 21ஆம் நாள் ஏழு குஞ்சுகள் வந்தன. மறுநாள் தாய் அவற்றைக் கூட்டிக்கொண்டு மல்லாட்டை (நிலக்கடலை) கொல்லைக்குக் கிளம்பிவிட்டது. மிச்ச முட்டைகள் ஆறிப்போயின. உடைத்துப் பார்த்தேன். மூன்றில் இறகு முளைத்த குஞ்சு, இன்னும் நான்கு நாள் சூடு கிடைத்திருந்தால் பிழைத்திருக்கும். அன்றிலிருந்து ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் ஒரு கோடு போடுகிறேன். கோடில்லாத முட்டை அன்றைக்கே அடுப்புக்குப் போய்விடும்.

ஏழாம் நாள் இரவில் செல்பேசி விளக்கை முட்டையின் அகன்ற முனையில் வைத்துப் பாருங்கள். சிலந்தி வலை போல இரத்த நாளம் தெரிந்தால் கரு பிடித்திருக்கிறது. வெறுமனே மஞ்சளாகத் தெரிந்தால் எடுத்துவிடுங்கள். வெடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

குடியாத்தத்திலிருந்து:

எல்லோரும் வைப்பதைப் பற்றியே சொல்கிறீர்கள். அடை வைக்காமல் கலைப்பதைப் பற்றி நான் சொல்கிறேன்.

எங்கள் கோழி குந்தியது கத்திரி வெயிலில். தகரக் கூரை. வெளியே 40 டிகிரிக்கு மேல் என்றால் கூரைக்கடியில் எவ்வளவு என்று கேட்காதீர்கள். அந்தக் காலத்தில் சேர்த்துவைக்கும் முட்டைகளே உருப்படாது. கோழி குந்துவதற்கு முன்பே வெயிலின் சூட்டில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கிச் செத்துவிடும். அதோடு, வாயைப் பிளந்து மூச்சுவாங்கிக்கொண்டும் எழாமல் கிடக்கிறது கோழி. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

தாத்தா வாளித் தண்ணீரில் முக்கி எடுத்தார். நனைந்து, உதறி, நேராகத் திரும்பிப் போய்க் குந்தியது. பக்கத்துத் தெருப் பெரியவர் வந்து, இறகு ஒன்றை மூக்குத் துளையில் குறுக்கே செருகினால் இரண்டே நாளில் அடை தெளியும் என்றார். பல ஊர்களில் இன்னமும் இதைச் செய்கிறார்கள். எனக்கு அவர்மேல் வந்த கோபம் இன்னும் தீரவில்லை. மூச்சு விடும் வழியை அடைத்து ஒரு பிராணியைத் திருத்துவது என்ன வைத்தியம்?

விஷயம் இதுதான். இருட்டான மூலையும் அடியில் முட்டைக் குவியலும் சேர்ந்தால் கோழியின் உடம்பில் புரோலாக்டின் என்ற சுரப்பு ஏறுகிறது. முட்டையிடுவது நின்று, குந்தும் வெறி பிடிக்கிறது. ஆகவே இருட்டையும் மெத்தையையும் நெஞ்சுச் சூட்டையும் எடுத்துவிட வேண்டும். அடியிலும் கம்பிவலை உள்ள கூண்டு ஒன்றை வேப்பமரக் கிளையில், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் கட்டித் தொங்கவிட்டேன். வைக்கோல் இல்லை, நிழல் உண்டு. தண்ணீரும் தீனியும் வழக்கம்போல. அடியிலிருந்து காற்று படப்பட நெஞ்சுச் சூடு தணிந்தது. நான்காம் நாள் திறந்துவிட்டேன். நேரே குப்பைமேட்டுக்குப் போய்க் கிளறத் தொடங்கியது. மூன்று வாரத்துக்குள் முட்டையிட்டது.

முந்தைய முறை ஒரு வாரம் யோசித்துவிட்டுக் கலைக்கப் போய் ஒன்பது நாள் பட்டேன். வைப்பதா கலைப்பதா என்று முதல் இரண்டு நாளுக்குள் முடிவுசெய்துவிடுங்கள். காட்பாடி அக்கா பங்குனியில் செய்ததுபோல இரண்டும் இல்லாமல் விட்டால்தான் கோழி இளைக்கும்.

ஆரணியிலிருந்து:

நாங்கள் பட்டு நெசவு. எங்கள் பெட்டை குந்தியது தறிக்குழிக்குள். மிதியில் காலை வைத்தால் கணுக்காலில் கொத்து. மூன்று நாள் நெசவு இல்லை. பகலில் இரண்டுமுறை தூக்கி வெளியே வைத்தேன், வைத்த கையோடு திரும்பி வந்துவிட்டது. கடைசியில் நள்ளிரவில், விளக்கு போடாமல், இரண்டு முட்டையோடு சேர்த்து அப்படியே தூக்கிக் களஞ்சிய அறைக்குக் கொண்டுபோய்க் கூடை கவிழ்த்து, மேலே சாக்குப் போட்டு ஒருநாள் முழுக்க மூடிவைத்தேன். அதன் பிறகு அங்கேயே இருந்தது. சேலைக்காரர் கேட்டபோது தாமதத்துக்குக் கோழியைக் காரணம் சொன்னேன், அவர் நம்பவில்லை.

ராணிப்பேட்டையிலிருந்து:

யாரும் பேனைப் பற்றிச் சொல்லவில்லை. அடைக்கோழி வழக்கம்போல மண்ணில் புரண்டு குளிப்பதில்லை. கூடையின் சூடும் சேர்ந்தால் பேனுக்கும் செல் என்ற பொடிப் பூச்சிக்கும் கொண்டாட்டம். எங்கள் கருப்பி 16ஆம் நாள் முட்டையை விட்டு எழுந்து ஓடிவிட்டது. சோம்பேறிக் கோழி என்று திட்டினேன். கூடையைத் தூக்கியபோது என் முழங்கைவரை ஊர்ந்தது. கோழி ஓடியது நியாயம்தான். அடை வைப்பதற்கு முன்பே கோழியின் இறக்கைக்கு அடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் பிரித்துப் பாருங்கள். பேன் இருந்தால் முதலில் அதற்கு மருந்து கேளுங்கள். கூடைக்குப் பக்கத்தில் சாம்பலும் மண்ணும் கலந்த குழி ஒன்று இருக்கட்டும், எழுந்து வரும்போது புரண்டுகொள்ளும்.

குஞ்சு வந்தபின் முதல் வாரத்திலேயே வெள்ளைக்கழிச்சலுக்கான சொட்டு மருந்தைக் கண்ணிலோ மூக்கிலோ விட்டுவிடுங்கள். இதற்கு இராணிக்கெட் நோய் என்று பெயர் இருப்பதால் எங்கள் ஊரிலிருந்து பரவியதாகவே என் மாமியார் நினைத்துக்கொண்டிருக்கிறார். இராணிக்கெட் என்ற ஊர் உத்தராகண்டில் இருக்கிறது. எங்கள் ஊரில் 1932 முதல் இருப்பது கால்நடைகளுக்குத் தடுப்பு மருந்து தயாரிக்கும் அரசு நிலையம்.

மறுபடியும் காட்பாடியிலிருந்து:

அணைக்கட்டு அண்ணனின் பேச்சைக் கேட்டு, கரசமங்கலத்தில் தெரிந்த வீட்டிலிருந்து பத்து முட்டை வாங்கி வந்து, பென்சில் கோடு போட்டு, அன்று இரவே வைத்தேன். ஏழாம் நாள் பார்த்ததில் இரண்டை எடுத்துவிட்டேன். எட்டு மிச்சம். ஆரணி அண்ணன் சொன்னதுபோல இருட்டில்தான் ஏர்கூலர் பெட்டியிலிருந்து கூடைக்கு மாற்றினேன். கையில் இரண்டு கொத்து, பரவாயில்லை.

இன்று 20ஆம் நாள். மதியம் காதை வைத்துக் கேட்டால் ஒரு முட்டைக்குள்ளிருந்து கீச்சென்று சத்தம். செவலை உள்ளிருந்து அதற்குப் பதில் சொல்வதுபோல மெதுவாகக் கொர்கொர் என்கிறது. மகன் பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருக்கிறான்.

மேற்கே மலைப்பக்கம் மழை கட்டி நிற்கிறது, இடியும் கேட்கிறது. கரியையும் மிளகாயையும் நான் வைக்கவே இல்லை. ஆணியை மட்டும் சற்று முன்புதான் கூடை ஓரத்தில் செருகிவிட்டு வந்தேன்.