அல்சைமருக்கு ட்ரெம்-2 ஏற்பி சரியான இலக்குதானா?

நிலாமதி:
அம்மாவுக்கு 68 வயது. மூன்று வருடமாக அல்சைமர். முதலில் சாவியை வைத்த இடம் மறந்தது. இப்போது என்னைத் தன் தங்கை என்று நினைத்துப் பேசுகிறார். அவர் தூங்கிய பிறகு ராத்திரியில் ஆய்வுச் செய்திகளைப் படிப்பேன். நான் படித்தது வணிகவியல், பாதி புரியாது. மூளையில் மைக்ரோக்ளியா என்ற நோயெதிர்ப்பு செல் இருக்கிறது, அதன் மேல் ட்ரெம்-2 என்ற ஏற்பி, அதாவது வெளியிலிருந்து வரும் சமிக்ஞையைப் பெறும் புரதம் இருக்கிறது, அதைத் தூண்டினால் செல் சுறுசுறுப்பாகி, இந்த நோயில் மூளையில் சேரும் அமைலாய்டு என்ற புரதப் படிவுகளை அகற்றும் என்று படித்து நம்பிக்கையோடு இருந்தேன். 2024 நவம்பரில் அந்த மருந்து பலன் தரவில்லை என்று செய்தி வந்தது. இலக்கே தப்பா, மருந்து மட்டும் தப்பா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செழியன்:
இலக்கு தப்பு என்றுதான் நினைக்கிறேன். இரண்டாம் கட்டச் சோதனையிலேயே நின்றுவிட்டதே.

கண்ணாடித்தட்டு:
செழியன், அவ்வளவு சீக்கிரம் முடிவு கட்ட என்னால் முடியவில்லை. ஆறு வருடமாக ஆய்வகத்தில் மைக்ரோக்ளியா வளர்க்கிறேன். ட்ரெம்-2 நீக்கிய செல்களுக்கு மயலின் (நரம்பிழையைச் சுற்றியிருக்கும் கொழுப்பு உறை) சிதைவுகளைக் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். விழுங்கிய கொழுப்பைச் செரித்து வெளியேற்ற முடியாமல் செல் திணறும், உள்ளே கொழுப்பு தேங்கிப்போகும். முதல் முறை நுண்ணோக்கியில் அதைப் பார்த்த அன்று ரொம்ப நேரம் எழுந்திருக்கவே மனமில்லை.

இந்த ஏற்பியை இலக்காக எடுத்ததற்கு வலுவான காரணம் மரபணுவில் இருக்கிறது. 2013ல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக ஒரே விஷயத்தைக் கண்டுபிடித்தன. ட்ரெம்-2 புரதத்தின் 47ஆவது இடத்தில் அர்ஜினைன் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் ஹிஸ்டிடைன் வந்தால் அல்சைமர் வரும் வாய்ப்பு இரண்டு முதல் நான்கு மடங்கு கூடுகிறது. அந்த மாறுபாடு ஏற்பியைப் பலவீனமாக்குகிறது. தாயிடமும் தந்தையிடமும் இருந்து வரும் இந்த மரபணுவின் இரண்டு பிரதியும் முழுக்கச் செயலிழந்தால் நாசு-ஹக்கோலா என்ற அரிய நோய் வரும். இருபதுகளிலேயே எலும்பு முறியத் தொடங்கும், பிறகு நடுவயதுக்கு முன்பே நினைவும் போகும். எலும்பைக் கரைக்கும் செல்களிலும் இதே ஏற்பி இருப்பதால் இரண்டும் சேர்ந்து வருகின்றன.

ஆக, குறைந்தால் கெடுதல் என்பது உறுதி. ஆனால் கூட்டினால் நல்லது என்று அதிலிருந்து தானாக வந்துவிடாது. நிலாமதி, உங்கள் கேள்வியின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

நீங்கள் படித்தது ஏஎல்002 என்ற ஆன்டிபாடி, அதாவது ஏற்பியில் ஒட்டிக்கொள்ளும் புரத மருந்து. ஆரம்பநிலை நோயாளிகள் 381 பேரிடம் சோதித்தார்கள். செல்லிலிருந்து உதிர்ந்து முதுகுத்தண்டு திரவத்தில் கரைந்திருக்கும் ட்ரெம்-2 குறைந்தது, அதாவது மருந்து ஏற்பியைத் தொட்டது உண்மை. ஆனாலும் நோயின் வேகம் குறையவில்லை, அமைலாய்டும் குறையவில்லை. சிலருக்கு ஸ்கேனில் மூளை வீக்கம் போன்ற மாற்றங்களும் தெரிந்தன.

எனக்குச் சந்தேகம் காலத்தின் மேல். ட்ரெம்-2 நீக்கிய எலிகளில் ஆரம்பத்தில் படிவுகள் குறைவாகவும், நோய் முற்றியபின் அதிகமாகவும் இருந்தன. அல்சைமரில் நரம்புசெல்லுக்குள் சிக்கலாகச் சேரும் இன்னொரு புரதமான டவ் சேரும் எலிகளிலோ ட்ரெம்-2 இல்லாதபோது மூளைச் சிதைவு குறைந்தது! ஒரே ஏற்பி, நோயின் கட்டத்துக்குத் தக்கபடி வேறு வேறு வேலை. ஒரு மனித மூளையில் அமைலாய்டும் டவ்வும் சேர்ந்தே இருக்கின்றன. எந்த வருடத்தில் தூண்டுவது என்று தெரியாமல் தூண்டினோம் என்றே நினைக்கிறேன்.

அப்புறம் இன்னொன்று. புற்றுநோய்க் கட்டிக்குள் இருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்பு செல்களிலும் ட்ரெம்-2 உண்டு. அங்கே அது நோயெதிர்ப்பை அடக்குகிறது, அதனால் அந்தத் துறையினர் அதைத் தடுக்க மருந்து தேடுகிறார்கள். மூளைக்காரர்கள் முடுக்கப் பார்க்கிறோம், கட்டிக்காரர்கள் பூட்டப் பார்க்கிறார்கள்.

நிலாமதி:
இப்படி யாரும் எனக்குச் சொன்னதில்லை, நன்றி. அம்மாவுக்கு அந்த மாறுபாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமா? வேறு யாராவது இந்த ஏற்பியில் வேலை செய்கிறார்களா?

கண்ணாடித்தட்டு:
அந்த மாறுபாடு மிக அரிது, இருப்பது தெரிந்தாலும் இன்று அம்மாவின் சிகிச்சை மாறாது. லெக்கனெமாப், டொனனெமாப் போன்ற அமைலாய்டை அகற்றும் மருந்து பற்றிப் பேச்சு வந்தால், அல்சைமர் ஆபத்தைக் கூட்டும் ஏபிஓஇ4 மரபணு வகைக்கான பரிசோதனை முக்கியம். அதில் இரண்டு பிரதி உள்ளவர்களுக்கு அந்த மருந்துகளால் மூளை வீக்க ஆபத்து அதிகம். எந்த மரபணுப் பரிசோதனைக்கு முன்பும் மரபியல் ஆலோசகரிடம் பேசுங்கள், முடிவு உங்களையும் தொடும்.

வேலை நடக்கிறது. ஆன்டிபாடியில் ரத்தத்தில் இருப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே மூளைக்குள் போகும். அதனால் வாய்வழி கொடுக்கும் சிறு மூலக்கூறு ஒன்றை விஜில் என்ற நிறுவனம் உருவாக்கியது. 2025ல் சனோஃபி அந்த நிறுவனத்தை வாங்கியது. அந்த மூலக்கூறை நோயாளிகளிடம் சோதிக்கும்போது யாரை, நோயின் எந்தக் கட்டத்தில் சேர்க்கிறார்கள் என்பதைத்தான் நான் முதலில் தேடிப் படிப்பேன்.