மாணவர்கள் இணையத்தில் விட்டுச்செல்லும் தடங்களை அழிக்க முடியுமா?

கேள்வி (காட்பாடி, பெற்றோர்):
பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள், இலவச மாதிரித் தேர்வு என்ற ஓர் இணையப் படிவத்தில் என் கைப்பேசி எண்ணையும் தன் பிறந்த தேதியையும் நிரப்பி, ஆதார் அட்டையின் படத்தையும் ஏற்றிவிட்டாள். மறுநாள் காலை இட்லி வெந்து இறங்குவதற்குள் மூன்று பயிற்சி நிலையங்களிலிருந்து அழைப்பு வந்தது. மறைநிலைச் சாளரத்தில்தான் நிரப்பினேன் என்கிறாள். பிறகு எப்படி?

பதில் (குடியாத்தம், கணினி ஆசிரியர்):
மறைநிலைச் சாளரம் உங்கள் கணினியில் உலாவல் வரலாற்றைச் சேமிக்காமல் இருக்குமே தவிர, நாமே தட்டச்சு செய்து அனுப்பிய விவரத்தை எதிர்முனையில் அழிக்காது. இனி ஆதார் கேட்டால், முதல் 8 இலக்கங்கள் மறைக்கப்பட்டு கடைசி 4 மட்டும் தெரியும் பிரதியைக் கொடுங்கள். மாதிரித் தேர்வுக்கு ஆதார் எதற்கு என்பது வேறு விஷயம்! விளம்பர அழைப்புகளைத் தடுக்க 1909 என்ற எண்ணில் பதிவு செய்யலாம்.

பதில் (வேலூர், சட்ட மாணவி):
தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 18 வயது நிறையாதவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் தேவை என 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வகுத்துள்ளது. ஆனால் அதன் பிரிவுகள் படிப்படியாகவே நடைமுறைக்கு வருவதால், அதற்குக் காத்திராமல், விவரங்களை நீக்கும்படி அந்நிறுவனத்துக்கு இன்றே மின்னஞ்சல் அனுப்பி, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் (ஆற்காடு, கல்லூரி மாணவர்):
படங்களையும் கவனியுங்கள். கோட்டை அகழி அருகே எடுத்த படத்தை நண்பனுக்கு வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்பியபோது, எடுத்த இடமும் நேரமும் கோப்புக்குள் அப்படியே இருந்தன. கேமராவின் அமைப்புகளில் இருப்பிடப் பதிவை அன்றே நிறுத்திவிட்டேன்.