லண்டனில் எம்.ஏ. ஹிஸ்டரி: முதல் கட்டுரையில் 48, விசா போயிடுமா?

குளிர்தாங்காதவன்:
வணக்கம், கொஞ்சம் அவசரம். செப்டம்பர் 2025ல எம்.ஏ. ஹிஸ்டரிக்கு லண்டன் வந்தேன். முதல் கட்டுரை மார்க் நேத்து வந்துச்சு. 48. பாஸ் 50. "வெறும் விவரிப்பா இருக்கு"ன்னு ஒரு வரி மட்டும் எழுதியிருக்காங்க. பிப்ரவரிக்குள்ள டிசர்டேஷன் (ஆய்வேடு) புரபோசல் கொடுக்கணும், என் தலைப்பை சூப்பர்வைசர் "ரொம்பப் பெருசு"ன்னு திருப்பிட்டார். ஃபெயில் ஆனா விசா கேன்சல் ஆயிடுமா? வேற கோர்ஸுக்கு மாறிடலாமா? வீட்ல லோன் போட்டு அனுப்பியிருக்காங்க. தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

ஈஸ்ட்ஹாம் செல்வம்:
தம்பி, படிப்பு இருக்கட்டும், முதல் ஆறு மாசத்துல ஆளைக் கவுக்கிறது ரூம்தான். டெபாசிட் எவ்வளவு கொடுத்தீங்க? 5 வார வாடகைக்கு மேல கேக்கக் கூடாது. தனி வாடகை ஒப்பந்தம்னா 30 நாளுக்குள்ள டெபாசிட் ஸ்கீம்ல போட்டு, அந்தத் தாளை உங்க கையில கொடுத்திருக்கணும். ஓனரோட ஒரே வீட்ல லாட்ஜரா இருந்தா அந்தப் பாதுகாப்பு கிடையாது, ரசீதாவது வாங்கிடுங்க. அடுத்தது கவுன்சில் டாக்ஸ், அதாவது வீட்டுக்கு உள்ளாட்சி போடற வரி. வீட்ல எல்லாருமே முழுநேர மாணவர்னா பைசா கட்ட வேண்டாம். வேலைக்குப் போற ஒருத்தர் இருந்தா 25% குறைச்சு பில் வரும். யுனிவர்சிட்டில ஸ்டூடன்ட் சர்டிஃபிகேட் வாங்கி நீங்களே கவுன்சிலுக்கு அனுப்பணும், தானா எதுவும் நடக்காது. ஜிபில, அதான் ஏரியா டாக்டர்கிட்ட, பதிஞ்சாச்சா?

நேர்வழி நாராயணன்:
இவ்வளவு யோசிக்கிறதுக்கு பேசாம டேட்டா அனலிட்டிக்ஸ் எம்.எஸ்சி.க்கு மாறிடுங்க ப்ரோ. இல்லன்னா ஸ்பான்சர் கொடுக்கிற வேலையாப் பாத்து நேரா ஸ்கில்டு வொர்க்கர் விசா. ஹிஸ்டரியை வெச்சுக்கிட்டு இந்த ஊர்ல என்ன பண்றது?

கணக்குப்பிள்ளை:
நாராயணன் சொன்ன ரெண்டு வழியுமே அடைச்சாச்சு. 2023 ஜூலைக்கு அப்புறம் படிப்பை முடிக்காம ஸ்டூடன்ட் விசாவுலேர்ந்து வேலை விசாவுக்குத் தாவ முடியாது. வேற யுனிவர்சிட்டின்னா புது சிஏஎஸ் (விசாவுக்கு யுனிவர்சிட்டி தர்ற சேர்க்கை உறுதி), புது விண்ணப்பம், திரும்பவும் ஃபீஸ். அரைகுறையா விட்டுட்டு அடுத்த கோர்ஸ் கேட்டா, பெரும்பாலும் ஊருக்குத் திரும்பிப் போய்த்தான் விண்ணப்பிக்க வேண்டி வரும்.

கேட்ட கேள்விக்கு வர்றேன். ஒரு கட்டுரை ஃபெயில் ஆனதுக்கு யாரும் விசாவில கை வைக்க மாட்டாங்க. கோர்ஸை விட்டு விலகினாலோ, வகுப்புக்கும் சூப்பர்வைசர் மீட்டிங்குக்கும் போகாம இருந்தாலோதான் யுனிவர்சிட்டி உள்துறைக்கு எழுதும். ஆனா நீங்க முக்கியமான விஷயம் எதுவும் சொல்லல. அந்தக் கட்டுரை மாட்யூல்ல எத்தனை சதவீதம்? மாட்யூல் எத்தனை கிரெடிட்? விசா எந்தத் தேதி வரைக்கும்? இது தெரியாம மேல சொல்ல முடியாது.

வன்னிக்காற்று:
தம்பி, 48 எண்டது பெரிய சறுக்கல் இல்லை. இஞ்ச 60 எடுத்தால் மெரிட், 70 எடுத்தால் டிஸ்டிங்ஷன். ஊரில 85 எடுத்தனான் எண்டு அந்தக் கணக்கில யோசிச்சால் நித்திரை வராது. "விவரிப்பு" எண்டு எழுதினால் அர்த்தம் இதுதான்: என்ன நடந்தது எண்டு சொல்லியிருக்கிறீங்கள், அதைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் என்னத்தில முரண்படுகினம், நீங்கள் எந்தப் பக்கம் எண்டு சொல்லேல்லை. முதல் பந்தியிலேயே மூன்றும் வரவேணும்: கேள்வி, இதுவரைக்கும் மற்றவை சொன்ன பதில், உங்கட பதில். பிறகு ஒவ்வொரு பந்தியிலயும் முதல் வசனத்தை மட்டும் எடுத்துத் தொடர்ந்து வாசிச்சுப் பாருங்கோ. "1871இல்", "பிறகு 1877இல்" எண்டு ஆண்டு வரிசையில போனால் அது விவரிப்பு. "ஆனால் இந்த விளக்கம் போதாது, ஏனெண்டால்" எண்டு போனால் அது வாதம்.

புத்தகத்தை முதல் பக்கத்தில இருந்து கடைசி வரைக்கும் வாசிக்காதேங்கோ. முன்னுரை, முடிவுரை, தேவையான ஒரு அதிகாரம், பிறகு சஞ்சிகையில வந்த ரெண்டு மதிப்புரை. அந்தப் புத்தகத்தோட ஆர் சண்டை பிடிக்கினம் எண்டு மதிப்புரையிலதான் தெரியும்.

குளிர்தாங்காதவன்:
நன்றிக்கா. டீட்டெயில் சொல்லாதது தப்புதான். கட்டுரை 40%, மீதி 60% ஏப்ரல்ல பெரிய கட்டுரை. மாட்யூல் 30 கிரெடிட். கோர்ஸ் செப்டம்பர் 2026ல முடியும், விசா ஜனவரி 2027 கடைசி வரைக்கும். நான் பி.இ. மெக்கானிக்கல், ஹிஸ்டரி ஆப்ஷனல் எடுத்து யுபிஎஸ்சி எழுதினதுதான் இதுக்கு முன்னாடி இருந்த பழக்கம். தலைப்பு "19ஆம் நூற்றாண்டில் தமிழர் இடப்பெயர்வு". ஜூன்லேர்ந்து லீவுதானே, முழுநேரம் வேர்ஹவுஸ் போய் லோனை அடைச்சுக்கிட்டே எழுதலாம்னு பிளான்.

நேர்வழி நாராயணன்:
அந்த பிளான் நல்ல பிளான். சம்மர்ல எவ்வளவு வேணா வேலை பாக்கலாம். டெலிவரியும் ஓட்டலாம்.

கணக்குப்பிள்ளை:
தயவுசெய்து இதை நம்பிடாதீங்க. கோடை லீவு இளங்கலைக்காரங்களுக்கு. எம்.ஏ.வுக்கு ஜூன்லேர்ந்து டிசர்டேஷன் கொடுக்கிற நாள் வரைக்கும் படிப்புக் காலம்தான், வாரம் 20 மணி நேரம்தான். வாரம்னா திங்கள்லேர்ந்து ஞாயிறு. ஒரு வாரம் 30, அடுத்த வாரம் 10னு சராசரி போட்டுக் காட்ட முடியாது. டெலிவரி ஆப் வேலை சுயதொழில் கணக்குல வரும், ஸ்டூடன்ட் விசாவுக்கு அது அறவே கூடாது. விசாவுக்கு உண்மையான ஆபத்து இங்கதான், 48ல இல்ல.

மார்க் கணக்கு: 48ல 40% எடுத்தா 19.2. மொத்தம் 50 வர இன்னும் 30.8 வேணும். அதாவது ஏப்ரல் கட்டுரையில 52 வாங்கினா மாட்யூல் பாஸ். ஒவ்வொரு கட்டுரையும் தனியா பாஸ் ஆகணும்னு விதி இருக்கான்னு மட்டும் உங்க ஹேண்ட்புக்ல பாருங்க, அது இடத்துக்கு இடம் மாறும். ரீசிட் (ஃபெயில் ஆனதைத் திரும்ப எழுதுறது) வந்தா பொதுவா மார்க் 50க்கு மேல போட மாட்டாங்க, வைக்கிறதும் டிசர்டேஷன் நெருக்கடில, கோடையில.

அடுத்து தேதி. படிப்பு முடிச்சதும் இங்கயே தங்கி வேலை பாக்க விடற கிராஜுவேட் விசாவுக்கு 2026 டிசம்பர் 31க்குள்ள விண்ணப்பிச்சா 2 வருஷம். 2027 ஜனவரி 1லேர்ந்து 18 மாசம்தான். நீங்க பாஸ்னு யுனிவர்சிட்டி உள்துறைக்குச் சொன்ன பிறகுதான் விண்ணப்பிக்க முடியும். செப்டம்பர்ல கொடுத்த டிசர்டேஷனுக்கு ரிசல்ட் நவம்பர், டிசம்பர்ல வரும். ரீசிட்டோ எக்ஸ்டென்ஷனோ வந்து ரிசல்ட் தள்ளிப்போனா ஆறு மாசம் கையை விட்டுப் போச்சு. விண்ணப்பிக்கிறப்போ இந்த நாட்டுக்குள்ள இருக்கணும், ரிசல்ட் வந்ததும் ஊருக்கு டிக்கெட் போட்டுடாதீங்க.

ஹாரோ மாமா:
இதையெல்லாம் சென்னையில கன்சல்டன்சிக்காரன் சொல்ல மாட்டான். "ஒரு வருஷப் படிப்பு, சீக்கிரம் முடிஞ்சுடும்"னு அனுப்பிடுவான். ஒரு வருஷத்துல பாதி குளிர், மதியம் நாலு மணிக்கே இருட்டு.

ஈஸ்ட்ஹாம் செல்வம்:
வாடகை மட்டும் இருட்டுல குறையுதா என்ன. முருங்கைக்காய் விலையைக் கேட்டீங்களா?

நேர்வழி நாராயணன்:
அதான் சொன்னேன். 2 வருஷம் கிடைச்சு என்ன, ஸ்கில்டு வொர்க்கருக்கு பொதுவா 41,700 பவுண்ட் சம்பளம் காட்டணும். எந்த மியூசியம் புதுசா வர்றவனுக்கு அவ்வளவு கொடுக்கும்?

ஹாரோ மாமா:
வாத்தியார் வேலைக்குப் போகலாம்னா அதுக்குத் தனிப் படிப்பு. ஆவணக் காப்பகம்னா அதுக்கும் தனிப் படிப்பு.

கோப்புப்பூச்சி:
எல்லாரும் புலம்பி முடிச்சாச்சா? பையனுக்கு புரபோசல் தேதி இருக்கு.

தம்பி, உங்க தலைப்பு டிசர்டேஷனுக்கு இல்ல, பத்துத் தொகுதிக்கு. எம்.ஏ.ல 180 கிரெடிட்ல 60 டிசர்டேஷன், பொதுவா 15,000 சொல். அதுல மூல ஆவணத்தைப் பேச வெக்க 9,000, 10,000 சொல்தான் மிஞ்சும். அதனால தலைப்பை முதல்ல எழுதிட்டு ஆவணம் தேடாதீங்க. ஒரு ஆவண வரிசை, மூணு வருஷம், ஒரு கேள்வி.

உங்க ஆர்வத்துக்கு ஒண்ணு சொல்றேன். 1876–78 சென்னை மாகாணப் பஞ்சம். அந்த வருஷங்கள்ல இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கு மன்னார் வழியா போனவங்க. அவங்களை இலங்கை அரசாங்கம் தொழிலாளியாப் பாத்துச்சா, பஞ்சத்துக்குத் தப்பி வந்தவங்களாப் பாத்துச்சா, நோய் கொண்டுவர்றவங்களாப் பாத்துச்சா? தோட்டங்கள்ல மருத்துவத்துக்கு 1872லயே ஒரு சட்டம் போட்டிருந்தாங்க, அது பஞ்ச வருஷத்துல எப்படித் தாங்குச்சு? வில்லியம் கிரெகரி 1877ல போய் ஜேம்ஸ் லாங்டன் ஆளுநரா வந்த காலமும் இதுதான், ரெண்டு பேர் எழுதினதையும் ஒப்பிடலாம்.

ஆவணம் லண்டன்ல கியூங்கிற ஏரியாவுல இருக்கு, தேசிய ஆவணக் காப்பகத்துல. சிஓன்னா காலனி அலுவலகம்; சிஓ 54ங்கிறது ஆளுநர் லண்டனுக்கு எழுதின இலங்கைக் கடிதங்கள். சிஓ 57 இலங்கையில அச்சான செஷனல் பேப்பர்ஸ், அதாவது சட்டசபை முன்னாடி வெச்ச அறிக்கைகள். சென்னைப் பக்கம் பாக்கணும்னா பிரிட்டிஷ் லைப்ரரில இந்தியா ஆபீஸ் ஆவணங்கள், ஐஓஆர்/பி வரிசையில மெட்ராஸ் அரசாங்க நடவடிக்கைக் குறிப்புகள். அதை ரெண்டாம் கட்டமா வெச்சுக்குங்க, ரெண்டையும் சேத்து இழுத்தா மறுபடி பெருசாயிடும்.

வன்னிக்காற்று:
புதுசா வந்த பிள்ளையை உடனே கியூவுக்கு அனுப்பத் தேவையில்லை. 1880 பஞ்சக் கமிஷன் அறிக்கையும் மற்றப் பாராளுமன்ற அறிக்கைகளும் பல்கலைக்கழக நூலகத்து டேட்டாபேஸில ஒன்லைனில கிடக்கு. அச்செழுத்து, தேடலாம். கையெழுத்து வாசிக்கிறதிலேயே நாள் போயிடும்.

கோப்புப்பூச்சி:
அக்கா, புரபோசலுக்கு அது போதும். டிசர்டேஷனுக்குப் போதாது. அச்சுல வந்தது அரசாங்கம் வெளியே காட்ட ஒத்துக்கிட்டது. சிஓ 54ல ஒரு கடிதத்தைத் திறந்தா ஆளுநர் எழுதினதோட லண்டன் அலுவலகக் குறிப்புத்தாளும் சேந்தே கட்டியிருக்கும். ஒரு குமாஸ்தா நாலு வரி சுருக்கி எழுதி இனிஷியல் போட்டிருப்பார், அதுக்குக் கீழ மேலதிகாரி "இது தோட்டக்காரங்க பொறுப்பு"ங்கிற மாதிரி ஒண்ணு எழுதியிருப்பார், அதுக்கும் கீழ ரெண்டு சொல்லுல உத்தரவு. யார் எதைத் தட்டிக் கழிச்சாங்கன்னு அந்தத் தாள்லதான் இருக்கு. வாதம் வேணும்னா அங்க போய்த்தான் ஆகணும். 1870கள் குமாஸ்தா கையெழுத்து அவ்வளவு கஷ்டமும் இல்ல, ஒரு ஆள் கை பழகிட்டா அடுத்த ஐம்பது பக்கம் ஓடும். மேலதிகாரிங்க கிறுக்கல்தான் தலைவலி.

போறதுக்கு முன்னாடி: ரீடர்ஸ் டிக்கெட்டுக்கு ஆன்லைன்ல பதியுங்க, அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் ஒரிஜினலா எடுத்துட்டுப் போங்க. எந்தெந்தச் சான்று செல்லும்னு அவங்க பட்டியல் இருக்கு, புதுசா வந்தவங்க மாட்டிக்கிறது முகவரிச் சான்றுலதான். தொகுதிகளை முந்தியே ஆர்டர் பண்ணிடுங்க. பை லாக்கர்ல, உள்ள பென்சில் மட்டும். போன்ல படம் எடுக்கக் காசு கிடையாது, ஃபிளாஷ் கூடாது.

படம் எடுக்கிறதுலதான் நிறையப் பேர் கோட்டை விடறாங்க. ஒவ்வொரு தொகுதிக்கும் முதல் படம் ஆவண எண் சீட்டு. ஒவ்வொரு படத்துலயும் மேல் மூலையில இருக்கிற தாள் எண் தெரியணும். அன்னைக்கு ராத்திரியே தொகுதிக்கு ஒரு ஃபோல்டர், கடிதத்துக்கு ஒரு வரிக் குறிப்பு: தேதி, யார் யாருக்கு, என்ன விஷயம். இதை விட்டுட்டு ஆகஸ்ட்ல 900 படத்தை வெச்சுக்கிட்டு அடிக்குறிப்பு எழுத உக்காந்தா, எது எந்தத் தாள்னு கண்டுபிடிக்க மறுபடி கியூவுக்கு ஓடணும்.

புரபோசல்ல சூப்பர்வைசர் பாக்கிறது மூணே விஷயம்: கேள்வி ஒரே வாக்கியத்துல இருக்கா, ஆவண எண்ணோட மூலம் சொல்லியிருக்கா, அது கிடைக்கலன்னா மாத்து வழி இருக்கா. அக்கா சொன்ன பாராளுமன்ற அறிக்கைகளை அந்த மாத்து வழியா எழுதிடுங்க.

கணக்குப்பிள்ளை:
48 கொடுத்தவரோட ஆபீஸ் ஹவர்ஸ்ல பத்து நிமிஷம் கேளுங்க. மார்க் ஏன் குறைச்சீங்கன்னு கேக்காதீங்க. எந்தப் பந்தியில வாதம் வந்திருக்கணும்னு கேளுங்க. ஏப்ரல் கட்டுரைக்கு ஒரு பக்கச் சுருக்கத்தையும் அப்பவே காட்டிடுங்க.

குளிர்தாங்காதவன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வேர்ஹவுஸ் பிளானை 20 மணிக்குள்ள சுருக்கிக்கிறேன். சிஓ 54ல 1877 தொகுதிகள் கேட்டலாக்ல வருது, பாத்துட்டேன். திங்கள்கிழமை எனக்கு வகுப்பு இல்ல, அன்னைக்குக் கியூ போகலாமா?

கோப்புப்பூச்சி:
ஞாயிறும் திங்களும் மூடியிருக்கும். செவ்வாய்லேர்ந்து சனி வரைக்கும்தான். சனிக்கிழமை போங்க. கியூ கார்டன்ஸ்ல இறங்கினா நடக்கிற தூரம்தான், ஆனா வார இறுதியில டிஸ்ட்ரிக்ட் லைன்ல பராமரிப்பு வேலைன்னு ரயிலை நிறுத்துவாங்க, முந்தின நாள் பாத்துக்குங்க.

ஈஸ்ட்ஹாம் செல்வம்:
ஜிபில பதிஞ்சாச்சான்னு கேட்டேன், பதிலே இல்லயே தம்பி.