சூப்பர்சார்ஜர், டர்போசார்ஜர்: இரண்டு சொல் தேவை, வெள்ளிக்குள்

செ. எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். பழைய கார்களைப் பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். மற்றதெல்லாம் ஓடிவிட்டது, ஓர் இயலில் மாட்டிக்கொண்டேன். வயதான குடும்பக் காருக்கு இழுவை போதவில்லை என்றால், எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவிகளில் சூப்பர்சார்ஜர் வைப்பதா, டர்போசார்ஜர் வைப்பதா என்பதுதான் அந்த இயல். பத்திக்குப் பத்தி இரண்டும் மாறி மாறி வருகின்றன. அப்படியே ஒலிபெயர்த்தால் எது எது என்று படிப்பவர் மனத்தில் நிற்காது. மீயூட்டி, சுழலூட்டி என்று எழுதி வைத்திருக்கிறேன். தேறுமா?

நா. எழுதியது:

மீ பழுதில்லை. மீயொலி, மீக்கடத்தி, மீக்கணினி எல்லாம் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளவை. இ ஈ ஐ வழி யவ்வும், ஆகவே மீயூட்டி புணர்ச்சியிலும் தேறும். என் தயக்கம் 'ஊட்டி'யில். கைப்பேசிக்கு மின்னூட்டி இருக்கிறது. டெஸ்லா 2012 முதல் தன் விரைவு மின்னேற்ற நிலையங்களுக்கே சூப்பர்சார்ஜர் என்று பெயர் வைத்திருக்கிறது. மீயூட்டி என்றதும் இன்றைய வாசகர் மின்காரை நினைத்துவிட்டால்? உள்ளே போவது காற்று. அதைச் சொல்லாமல் விடலாமா? மீவளியூட்டி என்பேன்.

மு. எழுதியது:

சொல்லுக்கு முன் பொருளைப் பார்த்துவிடலாம் ஐயா. இரண்டு கருவியும் செய்வது ஒரே வேலை. சிலிண்டர் தானாக உறிஞ்சுவதைவிட அதிகக் காற்றை உள்ளே திணிக்கின்றன. காற்று கூடினால் பெட்ரோலையும் கூட்டி எரிக்கலாம், திறன் கூடும். அந்தத் திணிப்புக்கு விசை எங்கிருந்து வருகிறது என்பதில்தான் வேறுபாடு. சூப்பர்சார்ஜரை, எஞ்சினின் முதன்மைச் சுழல்தண்டான கிராங்க் தண்டிலிருந்து வரும் பெல்ட் சுழற்றுகிறது. எஞ்சின் தன் திறனில் ஒரு பங்கை அதற்குக் கொடுத்தாக வேண்டும். டர்போவில், வெளியேறும் புகை ஒரு சுழலியைத் தள்ளுகிறது. அதே தண்டின் மறுமுனையில் காற்றைத் திணிக்கும் அமுக்கி. நிமிடத்துக்கு லட்சம் சுற்றுகளைத் தாண்டும்.

இன்னொன்று. ஆங்கிலத்தில் டர்போவின் பழைய பெயர் டர்போசூப்பர்சார்ஜர். அதாவது சூப்பர்சார்ஜர் என்பதே இனப்பெயர், டர்போ அதில் ஒரு வகை. நடுவிலிருந்த 'சூப்பர்' உதிர்ந்துபோக, இன்று இரண்டும் எதிரெதிராக நிற்கின்றன. புகையால் சுற்றும் ஏற்பாட்டுக்கு ஸ்விட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பியூக்கி 1905-லேயே காப்புரிமை பெற்றுவிட்டார். அந்தக் குழப்பத்தை நாமும் ஏன் இறக்குமதி செய்ய வேண்டும்? இனப்பெயர் அழுத்தூட்டி. பெல்ட்டால் ஓடுவது வாரழுத்தூட்டி, புகையால் ஓடுவது புகையழுத்தூட்டி. தெளிவு முக்கியம்.

இ. எழுதியது:

வாரழுத்தூட்டி! ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நாக்குச் சுளுக்கிக்கொள்ளும்.

கையில் வெண்ணெய் இருக்க நெய்க்கு அலைவானேன்? துருத்தி இருக்கிறதே. ரூட்ஸ் சகோதரர்கள் 1860-இல் காப்புரிமை பெற்ற ஊதுகருவி எதற்கு? உலைக்குக் காற்று ஊத. அதைத்தான் பிற்பாடு காரில் ஏற்றினார்கள். அகநானூற்று ஊதுலைக் குருகும் கொல்லன் துருத்திதானே? எஞ்சினும் ஓர் உலை, அதற்கு ஊதுவது துருத்தி. டர்போ என்றால் இலத்தீனில் பம்பரம், சூறைக்காற்று. ஆகவே அது சுழல்துருத்தி. இன்னும் ஆழப் போனால், துரு என்னும் வேரே சுழற்சியும் ஊடுருவலும் குறிப்பது. துருவு, துரப்பணம், துருத்தி எல்லாம் அதன் கிளைகள். டர்போவுக்கும் இதுவே மூலம் என்று வாதிட இடமுண்டு.

நா. எழுதியது:

ஒலி ஒத்தால் உறவாகிவிடாது, புலவரே. துருத்திக்கு ஆற்றிடைக்குறை என்றும் பொருள் உண்டு. எஞ்சின் நடுவே தீவு ஒன்று முளைக்குமோ?

இ. எழுதியது:

ஒரு சொல் பல்பொருள் குறிப்பது தமிழில் குற்றமா? பேட்டரிக்கும் மாட்டுக்கும் ஒரே 'ஊட்டு'தான். தாங்கள் குழம்பவில்லையே.

மு. எழுதியது:

புலவர் சொல்வதில் ஒரு பாதி சரி. ரூட்ஸ் கருவி தனக்குள் காற்றை அமுக்குவதில்லை. இரண்டு சுழல்பகுதிகளுக்கும் உறைக்கும் நடுவே அள்ளி அப்பால் தள்ளுகிறது. அழுத்தம் வெளியே குழாயில்தான் சேர்கிறது. அந்த வகைக்கு, என் அழுத்தூட்டியைவிடத் துருத்தி பொருந்தும். ஆனால் பெல்ட்டில் ஓடும் மையவிலக்கு வகை, திருகு வகை எல்லாம் உள்ளேயே அமுக்குபவை. அவற்றைத் துருத்தி என்றால் தவறாகிவிடும்.

வா. எழுதியது:

பயிற்சிப் பள்ளியில் வண்டிப் பழுது சொல்லிக்கொடுக்கிறேன். என் பிள்ளைகளுக்கு டர்போ தெரியும், துருத்தி தெரியாது. டர்போ என்றே எழுதுங்கள். எழுதிய சொல்லைக் கடையில் கேட்டால் சாமான் கிடைக்க வேண்டும்.

நா. எழுதியது:

டகரம் மொழிமுதல் ஆகாது.

வா. எழுதியது:

டமாரம், டப்பா?

இ. எழுதியது:

தமாரம் என்று எழுதினால் போயிற்று. அது கிடக்கட்டும். டர்போ என்ற சொல்லுக்கு இப்போது பொருளாவது மிஞ்சியிருக்கிறதா? போர்ஷே 2019-இல் கொண்டுவந்த மின்காரில் ஒரு வகைக்கு டைக்கான் டர்போ என்று பெயர். புகையே இல்லாத வண்டி! விற்பவர்களுக்கு அது வெறும் 'வேகம்' ஆகிவிட்டது.

செ. எழுதியது:

இன்று புதன். ஒவ்வொரு சோடியையும் உண்மையான வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன். கீழே ஒன்று:

"சுழலூட்டி பொருத்த வேண்டுமானால் எஞ்சினிலிருந்து புகையை வெளியேற்றும் குழாய்த்தொகுதியை மாற்றியாக வேண்டும், எஞ்சின் ஆயிலும் அதற்குத் தனிக் குழாயில் போக வேண்டும். மீயூட்டிக்குப் பெரும்பாலும் புகைக்குழாயைத் தொட வேண்டியதில்லை. கப்பியும் பெல்ட்டும் வைக்க முன்பக்கத்தில் இடம் இருந்தால் போதும்."

புகையழுத்தூட்டி, வாரழுத்தூட்டி போட்டால் இதே வாக்கியத்தில் புகை, புகை என்று கண் கரிகிறது. சுழல்துருத்தி அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் என் பதிப்பாசிரியர் கொல்லுப்பட்டறை இயலா என்று கேட்டார்.

அப்புறம் இன்னொரு சொல்லும் வேண்டும். மிதித்த பின் சுழலி வேகமெடுக்கும்வரை இழுவை வராமல் நிற்கும் அந்த இடைவெளிக்கு?

வா. எழுதியது:

சுணக்கம்.

நா. எழுதியது:

சுணக்கம். மறுபேச்சில்லை.

இ. எழுதியது:

ஆமாம், சுணக்கம்தான்.

மு. எழுதியது:

ஒரே மணிநேரத்தில் மூவர் ஒத்துப்போனதை இந்தக் குழுவில் இப்போதுதான் பார்க்கிறேன்.

செ. தம்பி, சொல் எதுவானாலும் ஒன்றை விட்டுவிடாதீர்கள். பழைய பெட்ரோல் எஞ்சின் பத்துக்கு ஒன்று விகிதத்தில் ஏற்கெனவே அமுக்குகிறது என்று வையுங்கள். அதன்மேல் இன்னும் காற்றைத் திணித்தால் சூடு ஏறி, கலவை தானாகவே வெடித்துத் தட்டும். பட்டறையில் நாக்கிங் என்பார்கள். இதை 'முன்னெரிதல்' என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள், அது வேறு கோளாறு. சும்மா தட்டல் என்றே போடுங்கள். தேய்ந்த பிஸ்டன் ரிங்குகளோடு இதை வைத்தால் பிஸ்டன் போகும். அதனால் ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்கத்தையும் அளந்து பார்ப்பதற்கு முன் எந்த ஊட்டியும் வேண்டாம். என்னைக் கேட்டால் சிறிய எஞ்சினுக்குக் குறைந்த அழுத்தத்தில் மீயூட்டியே வம்பில்லாதது. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே இழுவை கிடைக்கும், சுணக்கம் இல்லை. பெட்ரோல் செலவைப் பார்ப்பவர்கள் டர்போ பக்கம் போகட்டும்.

நா. எழுதியது:

மு. ஐயாவே மீயூட்டி என்று எழுதிவிட்டார், கவனித்தீர்களா?

மு. எழுதியது:

சுருக்கமாக இருந்தது, கை போய்விட்டது. அழுத்தூட்டியை நான் கைவிடவில்லை. இனப்பெயராக இயலின் தலைப்பில் அதுவே இருக்கட்டும்.

செ. எழுதியது:

நன்றி. இப்படி முடித்துக்கொள்கிறேன்: தலைப்பில் அழுத்தூட்டிகள், உள்ளே மீயூட்டி, சுழலூட்டி. சுழலூட்டி முதலில் வரும் இடத்தில் மட்டும் 'பட்டறையில் டர்போ' என்று ஒரு சொற்றொடர், வா. ஐயாவின் மாணவர்களுக்காக. மீவளியூட்டியை நான்கு பேரில் ஒருவர்தான் கேட்டீர்கள், மன்னிக்க.

இ. எழுதியது:

முடித்துவிட்டீர்கள், சரி. சுழலூட்டி என்பதில் சுழல்வது எது, ஊட்டுவது எது? மீயூட்டியும் சுழலத்தானே செய்கிறது? என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த பதிப்புக்குத் துருத்தியோடு வருவேன்.